கிழவிக்கு வாய்க்கட்டு

வாங்கோ தம்பி, வாங்கோ. படியிலை பாத்து இறங்குங்கோ, கடைசிப் படி மற்றதுகளைவிடக் கொஞ்சம் உயரம். தலையும் கவனம். அந்தா மேசையிலை பூட்டிக் கிடக்குது பாருங்கோ, அதுதான் தோட்டா செய்யிற பிரஸ். பிடியைப் பிடிச்சு ஒருக்கா இழுத்துப் பாருங்கோ. எப்பிடி? ஒரு சத்தம் கேக்குதே? கேக்காது. மாசம் ஒருக்கா எண்ணெய் விட்டு வைச்சிருக்கிறன்.

விளம்பரத்திலை என்னெண்டு போட்டிருந்தது? "பழைய சாமான், வந்து எடுத்துக்கொண்டு போகவும்" எண்டோ? அது நான் போட்டதில்லைத் தம்பி. மனுசி போட்டது. நான் போட்டிருந்தால் இதைப் பழைய சாமான் எண்டு சொல்லுவனே?

கழட்டலாம், அவசரப்படாதேங்கோ. நீங்கள் மான் வேட்டைக்குப் போறனீங்களோ? லைசென்ஸ் எல்லாம் இருக்குத்தானே? நல்லது. எங்கடை ஆக்களிலை ஒருத்தர் இதுக்கு வாறது சந்தோசம். அப்ப முதலிலை நான் உங்களுக்கு வாய்க்கட்டைப் பற்றிச் சொல்லவேணும். அது தெரியாமல் இதைக் கொண்டுபோகக் கூடாது. இந்த வாய்க்கட்டாலை என்ரை மகன்ரை கலியாணமே நிண்டுபோகப் பாத்தது. சிரிக்காதேங்கோ. அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ.

இந்தா, இது வெறும் கோது. ஒருக்கா வெடிச்ச பித்தளைக் கோது. இதைக் கழுவி, நீளம் பாத்து வெட்டி, வெடிமருந்து போட்டு, மேலை குண்டை வைச்சு இறக்கினால் திரும்பவும் தோட்டா. கடையிலை வாங்கலாந்தான். ஆனால் கடைத் தோட்டா ஆரோ ஒருத்தனுக்குச் செய்தது. நான் செய்யிறது என்ரை துவக்குக்கு. அதிலை ஒரு பெருமை இருக்கு, உங்களுக்கு விளங்கும்.

குண்டை இறக்கினால் மட்டும் காணாது. கோதின்ரை வாயை உள்பக்கமா ஒரு துளி மடிச்சு, குண்டைப் பிடிச்சு வைச்சிருக்கப் பண்ணவேணும். வெள்ளைக்காரன் அதைக் கிறிம்ப் எண்டு சொல்லுவான். என்ரை சிநேகிதன் சபாநடேசனுக்கு அந்தச் சொல் வாயிலை வராது. "அண்ணை, கிறீம் கூடிப்போச்சோ? கிறீம் காணாதோ?" எண்டு கேப்பான். கேக்குக்குப் பூசுற மாதிரி. எனக்குக் கேட்டுக் கேட்டு விசர் பிடிச்சுப்போச்சு. நான் தமிழ்ப் பற்று உள்ளவன், தம்பி. நல்ல தமிழ்ச் சொல் இருக்கேக்கை ஏன் கிறீம்? நான்தான் வாய்க்கட்டு எண்டு பேர் வைச்சனான். வாயைக் கட்டுறது, வாய்க்கட்டு. எவ்வளவு பொருத்தம் பாருங்கோ.

ஓம், நீங்கள் நினைக்கிறது எனக்குத் தெரியும். ஊரிலை வாய்க்கட்டு எண்டால் மந்திரம். நாய் குலைக்காமல், பாம்பு கொத்தாமல், ஏன், மனுசர் எதிர்த்துக் கதைக்காமல் வாயைக் கட்டுற மந்திரம். தெரியும். ஆனால் நான் இருபத்தெட்டு வருசம் பக்டரியிலை மெசின் செட் பண்ணின ஆள். எனக்கு மந்திரத்தோடை என்ன சோலி? சொல் நல்ல சொல், எடுத்தன். அவ்வளவுதான்.

எங்கடை துவக்கு ஒரு பழைய கைநெம்புத் துவக்கு. நெம்பை இழுத்து இழுத்துச் சுடுறது. நானும் நடேசனும் சேர்ந்து வாங்கினது. எங்களைவிட வயசு கூட, அதாலை கிழவி எண்டு பேர். "கிழவியைத் துடைச்சாச்சோ?", "கிழவியைக் காருக்குள்ளை ஏத்தியாச்சோ?" எண்டுதான் கதைப்பம். கிழவிக்குக் குழலுக்குக் கீழை இன்னொரு குழல், அதுக்குள்ளைதான் தோட்டாக்கள் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா வரிசையிலை நிக்கும். ஒண்டு வெடிச்சால் அந்த உதையிலை மற்றதெல்லாம் ஒண்டையொண்டு இடிக்கும். வாய்க்கட்டு இளக்கமா இருந்தால் குண்டு கோதுக்குள்ளை இறங்கிப்போகும். அது ஆபத்து. அதுக்காகக் கண்டபடி இறுக்கினாலும் கோதின்ரை கழுத்து பிதுங்கிப் போகும், பிறகு கிழவி விழுங்க மாட்டாள். அளவு தெரியவேணும்.

இதிலை பெரிய விசயம் என்னெண்டால், குண்டை மாத்தினால் வாய்க்கட்டையும் மாத்தவேணும். இஞ்சை பாருங்கோ, இது தட்டை மூக்குக் குண்டு. நடுவிலை ஒரு வரி ஓடுது தெரியுதோ? அந்த வரிக்குள்ளைதான் கோதின்ரை வாய் மடியவேணும். இது புதுசு, சிவப்பு மூக்கு. இதின்ரை வரி வேறை இடத்திலை. பழைய குண்டுக்குச் செட் பண்ணின டையை, அதுதான் வாயை மடிக்கிற அச்சை, அப்பிடியே வைச்சுக்கொண்டு இதைக் கட்டினால் வாய் வரியிலை விழாது, கோது நசிஞ்சுபோகும். ஒவ்வொரு குண்டுக்கும் டையைக் கழட்டி, முதலிலை இருந்து தொட்டுத் தொட்டுப் பாத்து, எவ்வளவு கேக்குதோ அவ்வளவுதான் இறுக்கவேணும். நான் நடேசனுக்கு எப்பவும் சொல்லுறது: எல்லாத்துக்கும் ஒரே இறுக்கு இறுக்கிறவன் இந்த வேலைக்கு வரப்படாது.

சரி. கலியாணம். என்ரை மகன் மயூரனும் நடேசன்ரை மகள் அபிராவும் விரும்பிச்சினம். எனக்குச் சந்தோசம். நடேசனுக்கும் சந்தோசம். பிரச்சினை ஒண்டே ஒண்டு, நடேசன்ரை மனுசி திலகேஸ்வரி. மனுசி நல்ல மனுசிதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் வாய் தம்பி, வாய்! சம்பந்தம் கதைக்கப் போன இடத்திலை நான் மண்டபத்தைப் பற்றி வாய் திறந்தால், தான் வேறை மண்டபம் பாத்திட்டன் எண்டுறா. ஐயரைப் பற்றிச் சொன்னால் தனக்குத் தெரிஞ்ச ஐயர் எண்டுறா. நான் வரவேற்புரை நிகழ்த்திறன் எண்டு சொன்னன். "அண்ணை, உங்கடை உரை முடியச் சனம் பசியிலை செத்துப்போகும்" எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னா. சனம் சிரிச்சுது. என்ரை மகனும் சிரிச்சவன். ஒருநாள் என்னைப் பாத்து, "குண்டுக்குப் பயந்து கனடாவுக்கு ஓடிவந்து, நிலத்துக்குக் கீழை இருந்து குண்டு செய்யிற மனுசன் உலகத்திலை நீங்கள் ஒருத்தர்தான் அண்ணை" எண்டா. அது வேறை, இது மானுக்கு எண்டு நான் விளக்கிச் சொன்னன். கேட்டால்தானே.

என்ரை மனுசி புவனம் அப்பிடியில்லை. இத்தனை வருசத்திலை என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. கறிக்கு என்ன வாங்கிறது எண்டுகூட என்னைக் கேட்டுத்தான். எங்கையும் போனால் நான் கதைப்பன், அவள் பக்கத்திலை இருப்பாள். சிலநேரம் அவளும் வந்தவள் எண்டதையே மறந்து நான் தனியக் காரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறன். அதுக்கும் ஒண்டும் சொல்லேல்லை. அப்பிடிக் குணம். சம்பந்தம் கதைச்சிட்டுக் காரிலை திரும்பி வரேக்கை நான் சொன்னன், "உந்தத் திலகேஸ்வரியின்ரை வாயை ஆராவது கட்டினால்தான் கலியாணம் ஒழுங்கா நடக்கும்" எண்டு. புவனம் யன்னலாலை வெளியிலை பாத்துக்கொண்டு வந்தவள். ஒத்துக்கொள்ளுறாள் எண்டுதான் நான் எடுத்துக்கொண்டன்.

பேந்து நடந்ததைக் கேளுங்கோ. மான் சீசன் துவங்கப் போகுது. நான் முதல்முதலா சிவப்பு மூக்குக் குண்டு வாங்கி, டையைத் திருப்பிச் செட் பண்ணி, வடிவாக் கட்டி முடிச்சிட்டன். முதல் கட்டினதிலை ரெண்டு இளகிப்போச்சு, பிறகு அதையும் சரியாக்கினன். சந்தோசத்திலை நடேசனுக்கு ஃபோன் எடுத்தன். எடுக்கேல்லை. மெசேஜ் விட்டன். நான் விட்டது இதுதான், ஒரு சொல் கூட்டிக் குறைச்சுச் சொல்லேல்லை:

"நடேசன், அண்ணைதான். கிழவிக்கு வாய்க்கட்டு முடிஞ்சுது. பழைய கட்டு உதுக்குச் சரிவராது, அதுதான் புதுசாக் கட்டினனான். முதல் கட்டு இளகிப்போச்சு, இப்ப நல்லா இறுக்கிப்போட்டன். இனி எந்த உதறல் உதறினாலும் வாய் திறவாது. சனிக்கிழமை விடிய ஏத்திக்கொண்டு காட்டுக்குப் போவம். மனுசிக்குச் சொல்லாதை, பிறகு கத்துவா."

கடைசி வசனம் ஏன் எண்டால், கலியாண விசயமா அவை வீட்டுக்கு ஆக்கள் வாற நாளிலை நாங்கள் வேட்டைக்குப் போறம் எண்டு தெரிஞ்சால் திலகேஸ்வரி கத்துவா. அதுக்குச் சொன்னது. இதிலை என்ன பிழை? நீங்களே சொல்லுங்கோ.

நடேசன் ஃபோனை அடுப்படியிலை வைச்சிட்டுக் குளிக்கப் போயிட்டான். திலகேஸ்வரி எடுத்துக் கேட்டிருக்கிறா.

கேட்டதோடை நிண்டிருந்தால் பரவாயில்லை. நடேசன் ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பான். ஆனால் மற்றநாள் விடிய எழும்பேக்கை மனுசிக்குச் சத்தம் இல்லை! தொண்டை அடைச்சுப்போச்சு. காத்துத்தான் வருதாம். அந்தக் கிழமை முழுக்க ஊரெல்லாம் தடிமன், என்ரை டொக்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவர். ஆனால் அதை ஆர் கேக்கிறது? கையிலை கோயில் நூல். வாசலிலை எலுமிச்சங்காய். ஒரு கடுதாசித் துண்டிலை எழுதி நடேசனிட்டைக் காட்டினாவாம், "என்னைக் காட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்யப் பாத்தனீங்கள்?" எண்டு.

கலியாணப் பேச்சு அதோடை நிண்டுது. அபிரா அழுகிறாளாம். மயூரன் என்னோடை கதைக்கிறதை விட்டிட்டான், சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேலை போயிடுவான். நடேசன் ஒருநாள் களவா ஃபோன் எடுத்து, "அண்ணை, துவக்குத்தான் கிழவி எண்டு நானும் சொல்லிப் பாத்திட்டன், நம்புறா இல்லை. நீங்கள் ஒருக்கா வந்து, மனசு நொந்திருந்தால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. முடிஞ்சுது" எண்டான்.

நான் ஏன் சொல்லவேணும்? மன்னிப்புக் கேட்டால் நான் மந்திரம் செய்தனான் எண்டு ஆகாதோ? படிப்பில்லாத கதை! இந்தக் காலத்திலை, இந்தக் குளிர் நாட்டிலை இருந்துகொண்டு மந்திரத்தை நம்புற சனத்தை என்ன செய்யிறது? ஆனால் தம்பி, ஒளிக்காமல் சொல்லுறன், நித்திரை வரேல்லை. ஒரே பிள்ளை. அவன் அந்தப் பிள்ளையைத்தான் கட்டுவன் எண்டு நிக்கிறான். சீசனும் துவங்கிப்போச்சு, கிழவி பெட்டிக்குள்ளை கிடக்கிறாள், நடேசன் வாறான் இல்லை. இந்தப் பேஸ்மென்றிலை வந்து தனியக் குந்திக்கொண்டு இருப்பன். 

கடைசியா ஒரு முடிவு எடுத்தன். சொன்னால் நம்பாத சனத்துக்குச் செய்து காட்டவேணும். பிரஸ்ஸைக் கழட்டினன். டை, கோது, குண்டு எல்லாத்தையும் பெட்டியிலை அடுக்கினன். மருந்து கிருந்து ஒண்டும் இல்லை, நான் சட்டம் தெரிஞ்ச ஆள். புவனத்தையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடேசன் வீட்டுக்குப் போனன். அவளை ஏன் கூட்டிக்கொண்டு போனன் எண்டால், பெட்டி பாரம், ஒரு பக்கம் பிடிக்க ஆள் வேணும்.

திலகேஸ்வரிக்கு அப்பதான் சத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. கரகரத்த குரல். என்னைக் கண்டவுடனை சுவரோடை ஒதுங்கினா. நான் நேரை அவையின்ரை சாப்பாட்டு மேசைக்குப் போய்ப் பிரஸ்ஸை வைச்சு இறுக்கினன். புது மேசையாம், பலகை கொஞ்சம் அமிழ்ந்துபோச்சு. நல்ல பலகை எண்டால் அமிழாது.

"இப்ப எல்லாரும் பாருங்கோ" எண்டன். "இதுதான் வாய்க்கட்டு. மந்திரமில்லை, இரும்பு. இது கோது, இது குண்டு. கோதுக்குத்தான் வாய். அந்த வாயைத்தான் நான் கட்டுறனான்."

"ஆற்றை வாயை?" எண்டா திலகேஸ்வரி.

"கோதின்ரை வாயை!"

"அப்ப கிழவி ஆர்?"

"துவக்கு!"

"துவக்கு ஏன் கத்துது?"

"துவக்குக் கத்தேல்லை, நீங்கள்தான்…" எண்டு துவங்கி நிப்பாட்டிப்போட்டன். புத்தி இருக்கு எனக்கு. வேலையைக் காட்டுவம் எண்டு ஒரு சிவப்பு மூக்குக் குண்டை எடுத்தன், பாக்க வடிவா இருக்கும் எண்டு. கோதிலை வைச்சன். அவ விடாமல் கேட்டுக்கொண்டே நிக்கிறா, ஏன் காட்டுக்கு, ஏன் சனிக்கிழமை, ஏன் மனுசிக்குச் சொல்லாதை எண்டனீங்கள். எனக்குக் கவனம் சிதறுது. "கொஞ்சநேரம் வாயை மூடிக்கொண்டு பாருங்கோ!" எண்டிட்டுப் பிடியை ஒரே இழுவையா இழுத்தன்.

நறுக்கெண்டு ஒரு சத்தம். எடுத்துப் பாத்தால், கோது கழுத்து நெரிஞ்சு, ஒரு பக்கம் சரிஞ்சு, பிதுங்கிப் போய் நிக்குது.

டை பழைய குண்டுக்குச் செட் பண்ணினபடியே கிடந்திருக்கு. அவசரத்திலை மாத்த மறந்திட்டன். அவ கதைச்சு என்னைக் குழப்பாமல் இருந்திருந்தால் பாத்திருப்பன்.

திலகேஸ்வரி அந்தக் கோதை எடுத்து, உள்ளங்கையிலை வைச்சுக் கொஞ்சநேரம் பாத்தா. பிறகு தன்ரை தொண்டையைத் தடவிக்கொண்டு, "இதைத்தானே அண்ணை எனக்கும் செய்தனீங்கள்?" எண்டு அழத் துவங்கினா. அபிராவும் அழத் துவங்கினாள். நடேசன் மேசைப் பள்ளத்தைத் தடவிக்கொண்டு நிக்கிறான். நான் டையைத் திருப்பிச் செட் பண்ண முறுக்கிக்கொண்டு நிக்கிறன், "பொறுங்கோ, இன்னொண்டு கட்டிக் காட்டுறன், இன்னொண்டு" எண்டு.

அப்பதான் தம்பி, என்ரை மனுசி வாய் திறந்தது.

"இஞ்சாருங்கோ, நீங்கள் போய்க் காருக்குள்ளை இருங்கோ."

எனக்குத்தான் சொல்லுறாள் எண்டு விளங்கவே கொஞ்சநேரம் எடுத்தது. நான் திரும்பி நடேசனைப் பாத்தன், ஒருவேளை அவனுக்கோ எண்டு. அவள் போய்த் திலகேஸ்வரிக்குப் பக்கத்திலை இருந்தாள். கையைப் பிடிச்சாள். "அக்கா, இவருக்கு மந்திரமும் தெரியாது ஒண்டும் தெரியாது. ஆளுக்கேத்தமாதிரி இறுக்கத் தெரியாத மனுசன். எல்லாருக்கும் ஒரே இறுக்குத்தான்" எண்டாள்.

நான் உடனை திருத்தினன். "அது பிழை புவனம், நான் ஒவ்வொரு குண்டுக்கும் டையைக் கழட்டித்தான் செட் பண்ணுறனான், இண்டைக்கு மட்டுந்தான் மறந்தது" எண்டன். ஒருத்தரும் கேக்கேல்லை. ரெண்டு மனுசியளும் ஒருத்தரையொருத்தர் பாத்திச்சினம். திலகேஸ்வரி அழுகையோடையே சிரிக்கத் துவங்கினா. என்ன பகிடி எண்டு எனக்கு இண்டைவரைக்கும் விளங்கேல்லை.

நான் போய்க் காருக்குள்ளை இருந்தன். குளிரெண்டால் குளிர். அவையின்ரை யன்னல் திரை இழுக்கேல்லை, உள்ளுக்கை நடக்கிறது தெரியும். புவனம் கதைக்கிறாள். தம்பி, அவள் கதைக்கிறாள்! கையை ஆட்டி ஆட்டி, தலையை ஆட்டி ஆட்டி, நிப்பாட்டாமல் கதைக்கிறாள். திலகேஸ்வரி வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு இருக்கிறா. எனக்குச் சத்தம் கேட்கேல்லை. அவளுக்கு அவ்வளவு கதைக்க என்ன இருக்கு எண்டு நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்தன். நான் பாத்துக்கொண்டிருக்க அவள் ஒருக்காக் கண்ணைத் துடைச்சாள். பிறகு பெலமாச் சிரிச்சாள். அவளுக்குச் சிரிக்கேக்கை பின்பல்லு எல்லாம் தெரியும் எண்டது எனக்கு மறந்துபோயிருந்தது.

நடேசன் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தான். பக்கத்துச் சீற்றிலை ஏறி இருந்தான். "எல்லாம் சரிவந்திட்டுது அண்ணை" எண்டான். "ஆர் சரியாக்கினது?" எண்டன். அவன் தேத்தண்ணியைக் குடியுங்கோ ஆறப்போகுது எண்டான்.

கலியாணம் நடக்கப் போகுது. வாற வைகாசி. மண்டபம் திலகேஸ்வரி சொன்ன மண்டபம். ஐயர் புவனம் சொன்ன ஐயர். புவனத்துக்கு ஐயரைத் தெரியும் எண்டே எனக்குத் தெரியாது. விடிய ஃபோனைத் தூக்கினால் ரெண்டுபேரும் மத்தியானம் வரைக்கும் கதை. வரவேற்புரை நான் எழுதி வைச்சிருந்தன், நல்ல தமிழிலை. அது இப்ப நிகழ்ச்சி நிரலிலை இல்லையாம். புவனம் பேசுறாளாம். "நீங்கள் மாலையைப் போட்டுக்கொண்டு முன் வரிசையிலை இருங்கோ, அது காணும்" எண்டு சொல்லுறாள். மயூரன், "அம்மா கலக்குங்கோ" எண்டுறான். போன கிழமை கறிக்குக் கணவாய் வாங்கினாள், என்னைக் கேட்கேல்லை. இந்தக் கிழமை, பேஸ்மென்றிலை கலியாணத்துக்கு வாற சொந்தக்காரர் தங்கவேணும், உந்த இரும்பெல்லாத்தையும் வித்துப்போடுங்கோ எண்டாள். நான் பாப்பம் எண்டு சொல்லி முடிக்கிறதுக்கிடையிலை விளம்பரம் போட்டிட்டாள். நீங்களும் வந்திட்டியள்.

எனக்கு ஒண்டு விளங்கேல்லைத் தம்பி. இவ்வளவு காலமும் வாய் திறவாத மனுசி அந்த வீட்டுக்குள்ளை போய் எப்பிடித் திடீரெண்டு திறந்தவள்? அந்த வாசலிலை எலுமிச்சங்காய் தொங்கினது. அவள் திலகேஸ்வரியின்ரை கையைப் பிடிச்சது நான் பாத்தனான். தேத்தண்ணியிலை என்ன போட்டுக் குடுத்தினமோ. கட்டுறதுக்கு மந்திரம் இருந்தால் அவிழ்க்கிறதுக்கும் ஒண்டு இருக்குந்தானே?

கேக்குதோ? மேலை. "இஞ்சாருங்கோ, அந்தத் தம்பியைப் பிடிச்சு வைச்சுக் கதைச்சுக்கொண்டிருக்காமல் கழட்டிக் குடுத்து அனுப்புங்கோ!" பாத்தியளே, எப்பிடிக் குரல் எண்டு.

வாறன் வாறன்! கழட்டிக்கொண்டுதான் இருக்கிறன்!

தம்பி, கொஞ்சம் கிட்ட வாங்கோ. எனக்கு உதுகளிலை நம்பிக்கை இல்லை, தெரியும்தானே, நான் மெசின் செட் பண்ணின ஆள். சும்மா அறியிறதுக்குத்தான் கேக்கிறன். உங்கடை ஊர்ப் பக்கத்து ஆக்களிலை, வாய்க்கட்டு தெரிஞ்ச ஆராவது இஞ்சை இருக்கினமோ? மெல்லமாச் சொல்லுங்கோ. அவளுக்குக் காது சரியான கூர்மை.